200 சிங்கப்பூர் வெள்ளிக்குள் (டாலர்) பெரிய தவளை வளர்க்க முடியுமா? (வீவக வீடு, முதல் முறை)

தெம்பனிஸ்_தம்பி
வெள்ளி, இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். நான் பாலி (பலதுறைத் தொழிற்கல்லூரி) கடைசி ஆண்டு, வீடு தெம்பனிஸில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. சின்ன வயதிலிருந்தே எனக்குத் தவளை என்றால் உயிர். மழை விட்ட இரவில் புளோக்குக்குப் பக்கத்தில் வாய்க்காலில் ஒரே கூச்சலாக இருக்கும், அதைக் கேட்பதற்காகவே கீழே இறங்கிப் போய் நிற்பேன். இப்போதுதான் சொந்தமாக ஒன்று வளர்க்கலாம் என்று துணிந்திருக்கிறேன். பகுதி நேர வேலையில் சேர்த்தது 200 வெள்ளி, மாதம் 25 வெள்ளி ஒதுக்க முடியும். எனக்குப் பெரிய தவளைதான் வேண்டும், ஆப்பிரிக்க புல்ஃபிராக் அல்லது பேக்மேன் என்கிற கொம்புத் தவளை. கைக்குள் அடங்காத அளவுக்கு வளரும் என்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் ஹீட்டர், வெப்ப விளக்கு, ஈரப்பதக் கருவி, பனி தெளிக்கும் இயந்திரம் என்று போய்க்கொண்டே இருக்கிறது, கூட்டிப் பார்த்தால் 600 வெள்ளி வருகிறது. எதை விடலாம், எதை விடக்கூடாது? அம்மா இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார்: வீடு நாறக்கூடாது, பூச்சி வெளியே ஓடக்கூடாது.

மீன்தொட்டி_மாமா
வெள்ளி, இரவு 11.52

தம்பி, காசுக்கு முன்னால் சட்டம். நீங்கள் சொன்ன இரண்டுமே சிங்கப்பூரில் வளர்க்க அனுமதி இல்லாதவை. தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இருக்கிற ஏவிஎஸ் (விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவு) செல்லப்பிராணியாக வளர்க்கக்கூடியவற்றுக்குப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் வரும் தவளை பச்சை மரத் தவளை, லிட்டோரியா சேருலியா. ஆஸ்திரேலியாவிலும் நியூகினியின் தென்பகுதியிலும் வாழ்வது. கடைக்காரர்கள் டம்பி என்றும் சொல்வார்கள்.

ஜோகூரில் பேக்மேன் சுலபமாகக் கிடைக்கிறது, ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவந்துவிடலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் கேட்காதீர்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்டால் அது கடத்தல் குற்றம். பிடிபடாவிட்டாலும், நாளைக்கு அதற்கு உடம்புக்கு முடியாமல் போனால் எந்த முகத்தோடு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போவீர்கள்? பயந்துகொண்டு வீட்டிலேயே சாகவிட வேண்டியதுதான்.

தெம்பனிஸ்_தம்பி
சனி, காலை 9.05

நன்றி மாமா, இது எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றம்தான். சரி, இன்னொரு கேள்வி. ஈரச்சந்தையில் உயிரோடு விற்கிறார்களே, கேலாங்கில் தவளைக் கஞ்சிக்குப் போடுகிற பெரிய தவளை, அதில் ஒன்றை வாங்கி வளர்த்தால்? விலையும் குறைவு, சாவிலிருந்து காப்பாற்றினது போலவும் இருக்கும்.

ஈசூன்_அக்கா
சனி, காலை 10.31

தம்பி, உங்கள் மனசு புரிகிறது, ஆனால் அது வேண்டாம். சந்தையில் இருப்பது அமெரிக்க புல்ஃபிராக், உணவுக்காகப் பண்ணையில் வளர்த்தது. அதுவும் செல்லப்பிராணிப் பட்டியலில் இல்லை. மிரண்டால் அம்பு மாதிரி பாயும், கண்ணாடியில் மோதி மோதி மூக்கு கிழிந்து புண்ணாகும், அதற்கு வேண்டிய அளவுக்கு இடமும் தண்ணீரும் ஓர் அறைக்குள் கொடுக்க முடியாது. அதோடு கைட்ரிட் என்கிற தோல் பூஞ்சையைச் சுமந்துகொண்டே தான் மட்டும் நன்றாக இருக்கும், உலகம் முழுக்கப் பல தவளை இனங்களை அழித்த பூஞ்சை அது. வளர்க்க முடியாமல் போய் நீர்த்தேக்கத்தில் விட்டால் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. புண்ணியம் என்று சிலர் பிராணிகளை விடுகிற வெசாக் (புத்த பூர்ணிமை) சமயத்தில் நீர்த்தேக்கங்களில் தொண்டூழியர்கள் நின்று பிராணிகளை விடாதீர்கள் என்று மக்களிடம் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்காலில் கத்துகிறதையும் பிடித்து வந்துவிடாதீர்கள், காட்டு விலங்குச் சட்டம் அதற்கும் உண்டு.

நான் பச்சை மரத் தவளை ஒன்பது வருடமாக வளர்க்கிறேன், இப்போது இரண்டு இருக்கின்றன. "பெரிசு வேண்டும்" என்றீர்களே, பெண் தவளை 10 சென்டிமீட்டர் வரும். உள்ளங்கையில் உட்கார்ந்தால் ஒரு நல்ல கொழுக்கட்டை அளவு. மரத் தவளைகளில் இது பெரிய வகை. முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. சாந்தமான பிராணி, ஆப்பிரிக்க புல்ஃபிராக் மாதிரி கடிக்காது. ஆனால் ஒன்று. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருடம், சில 20 வருடம்கூட இருக்கும். நீங்கள் தேசியச் சேவைக்கு, அதாவது கட்டாய இராணுவச் சேவைக்குப் போகிற வயசுதானே? அந்த இரண்டு வருடம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான், தொட்டியெல்லாம் பிறகு.

தெம்பனிஸ்_தம்பி
சனி, பிற்பகல் 1.14

அக்கா, அம்மாவிடமும் தங்கையிடமும் பேசினேன். தங்கை உயர்நிலை மூன்று. நான் முகாமில் இருக்கும் நாட்களில் தண்ணீர் மாற்றுவது, இரை போடுவது தன் வேலை என்கிறாள். அம்மா பூச்சியைத் தொட மாட்டார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. பச்சை மரத் தவளையின் படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஏமாற்றமெல்லாம் போய்விட்டது. இப்போது சொல்லுங்கள், 200 வெள்ளி போதுமா?

பாசிர்ரிஸ்_தோட்டக்காரர்
சனி, பிற்பகல் 2.40

போதாது என்பது என் கருத்து. புதிய கண்ணாடித் தொட்டியே உங்கள் பணத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். இன்னும் நாலு மாதம் சேர்த்துவிட்டுச் செய்யலாமே? உயிர் விஷயத்தில் சிக்கனம் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஈசூன்_அக்கா
சனி, மாலை 4.18

தோட்டக்காரர் அண்ணே, நீங்கள் சொல்வது சரிதான், உயிர் விஷயத்தில் சிக்கனம் கூடாது. ஆனால் எங்கே செலவு செய்ய வேண்டும் என்பது இங்கே வேறு. அதை நான் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் தவளை வந்தபோது வெளிநாட்டு வளர்ப்புக் குறிப்பு ஒன்றை வரிக்கு வரி பின்பற்றினேன். தொட்டியின் மேல் பாதியைக் கண்ணாடியால் மூடு, தினமும் மூன்று வேளை தண்ணீர் தெளி, கீழே சூட்டுத் தகடு வை என்று இருந்தது. எல்லாம் செய்தேன். ஆறாவது வாரம் தொடையிலும் அடிவயிற்றிலும் சிவப்பு சிவப்பாகத் திட்டு வந்தது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன், பாக்டீரியா கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார். மருந்துக் குளியல், ஊசி எல்லாம் பார்த்தோம். பத்து நாளில் போய்விட்டது. அப்போதுதான் அந்த மருத்துவர் கேட்டார், "வீட்டில் ஈரப்பதம் எவ்வளவு?" என்று. எனக்குத் தெரியவில்லை. அளந்ததே இல்லை.

அந்தக் குறிப்பை எழுதியவர்கள் பனிக்காலத்தில் ஹீட்டர் போட்டு வறண்டு கிடக்கிற வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சூடும் ஈரமும் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். நமக்கு இரண்டும் ஜன்னல் வழியாகச் சும்மா வருகிறது. இங்கே ஆண்டு முழுக்கச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலே, வெப்பம் இரவில் 25, பகலில் 31, 32. பச்சை மரத் தவளை ஆஸ்திரேலியாவில் வறண்ட காலத்தையும் பார்த்துப் பழகின பிராணி, அதற்கு 24இலிருந்து 29 வரை வெப்பமும் நடுத்தர ஈரமும் போதும், ராத்திரி மட்டும் கொஞ்சம் கூடலாம். ஆக உங்கள் 600 வெள்ளிக் கணக்கில் ஹீட்டர், வெப்ப விளக்கு, சூட்டுத் தகடு, பனி இயந்திரம் நாலையும் அடித்துவிடுங்கள். அவை தேவையில்லை என்பது மட்டுமில்லை, இங்கே கெடுதல்.

அந்தக் காசைக் காற்றோட்டத்தில் போடுங்கள். மேலே முழுக்கக் கம்பி வலை, முன்பக்கம் திறக்கிற கதவு, கதவுக்குக் கீழேயும் காற்றுப் போகிற துளை வரிசை இருந்தால் ரொம்ப நல்லது. ஒரு ஈரப்பதமானி, ஒரு வெப்பமானி. இவற்றில் கை வைக்காதீர்கள்.

மீன்தொட்டி_மாமா
சனி, மாலை 5.02

அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மனசு கஷ்டமாக இருந்தது.

தொட்டியைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரு தவளைக்கு 45க்கு 45, உயரம் 60 சென்டிமீட்டர். ஏறுகிற பிராணி, அதனால் நீளத்தைவிட உயரம் முக்கியம். பழைய பொருள் விற்கிற கெரோசல் செயலியில் பாருங்கள், வீடு மாற்றுகிறவர்கள், நண்டு வளர்ப்பதை நிறுத்தியவர்கள் இந்த அளவில் தொட்டி போட்டுக்கொண்டே இருப்பார்கள், போன வருடம் நானே 70 வெள்ளிக்கு ஒன்று வாங்கினேன். கதவுப் பூட்டு, வலை இரண்டையும் பார்த்து வாங்குங்கள். வலையில் விரல் அளவு ஓட்டை இருந்தாலும் வேண்டாம், அம்மாவின் இரண்டாவது நிபந்தனை அங்கேயே உடைந்துவிடும். பழைய மீன்தொட்டியை நிமிர்த்தி வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், செய்யலாம்தான், ஆனால் மேலேயிருந்து கை வந்தால் தவளைக்குப் பருந்து வருகிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் மிரளும்.

வாங்கி வந்ததும் சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். வெந்நீர், வினிகர், நன்றாக அலசிக் காய வைத்தல். அவ்வளவுதான்.

அப்புறம் தண்ணீர். குழாய்த் தண்ணீரை அப்படியே வைக்காதீர்கள்.

கிளமெண்டி_வாசி
சனி, மாலை 5.47

குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடுமே, எதற்கு மருந்து வாங்க வேண்டும்? எங்கள் அப்பா காலத்திலிருந்து மீனுக்கு அப்படித்தான் செய்கிறோம்.

மீன்தொட்டி_மாமா
சனி, மாலை 6.15

அப்பா காலத்தில் சரி. இப்போது பொதுப் பயனீட்டுக் கழகம் நம் குழாயில் விடுவது குளோரமின் சேர்த்த தண்ணீர். குளோரின் ஆவியாகிப் போகும், குளோரமின் அப்படி லேசில் போகாது, ஓர் இரவு வைத்தாலும் அங்கேயே இருக்கும். மீனுக்குச் செவுள் வழியாக ஏறும், தவளைக்கு உடம்பு முழுக்க வழி. தவளை வாயால் தண்ணீர் குடிக்காது என்பது பலருக்குத் தெரியாது, அடிவயிற்றுத் தோல் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றால் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மீன்கடையில் கிடைக்கிற தண்ணீர் மருந்தில் குளோரமினையும் முறிக்கும் என்று போத்தலில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 8 வெள்ளிப் போத்தல் ஒரு கிண்ணத் தண்ணீருக்கு ஒரு வருடத்துக்கு மேலேயே வரும். காய்ச்சினாலும் போதாது, காய்ச்சி வடித்த தண்ணீரும் வேண்டாம், அதில் உப்புச் சத்தே இல்லை.

கிளமெண்டி_வாசி
சனி, மாலை 6.29

இது எனக்குப் புதுத் தகவல். நாளைக்கே வாங்குகிறேன். நன்றி மாமா.

பீஷான்_கீதா
சனி, இரவு 8.10

இன்னொரு விஷயம், யாரும் சொல்லவில்லை. டெங்கி! கிண்ணத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். தவளை அதே தண்ணீரில்தான் கழிக்கும் என்பதால் எப்படியும் மாற்றத்தான் வேண்டும், கொசு முட்டையும் நிற்காது. தேசியச் சுற்றுப்புற வாரியத்திலிருந்து வீட்டுக்குச் சோதனைக்கு வந்தபோது என் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள், தினம் மாற்றுகிறேன் என்று காட்டினேன், சரி என்று போய்விட்டார்கள். புகை அடிக்கிற நாளில் அறிவிப்பு ஒட்டுவார்கள், அன்றைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தொட்டியின் மேல் ஈரத்துணி போட்டு உள்ளறைக்கு நகர்த்துங்கள்.

ஈசூன்_அக்கா
சனி, இரவு 8.44

கீதா சொன்னதோடு சேர்த்து இதையும் தம்பி அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம், ஊதுவத்தி, கற்பூரம், கொசுவத்தி, வாசனை எண்ணெய் வைக்கிற கருவி, எல்லாம் நமக்குச் சாதாரணம். தவளைக்குத் தோலே நுரையீரல் மாதிரி, காற்றில் இருப்பதெல்லாம் உள்ளே போகும். சாமி அறை ஒரு மூலை, தவளை எதிர் மூலை என்று வையுங்கள். பூச்சி மருந்து அந்த அறையில் அடிக்கவே கூடாது. கை கழுவும் கிருமிநாசினி போட்ட கையோடு தொடக்கூடாது. கையை வெறும் தண்ணீரில் நன்றாக அலசி, ஈரமாகவே வைத்துக்கொண்டு எடுங்கள், அதுவும் அவசியம் என்றால் மட்டும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது உங்களுக்காக, சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

அப்புறம் மேற்கு வெயில். உங்கள் அறை மேற்குப் பார்த்ததா? பிற்பகல் மூன்று மணிக்கு அந்த இடத்தில் வெப்பமானி வைத்து ஒரு வாரம் எழுதுங்கள். 32க்கு மேலே தொடர்ந்து போனால் வேறு இடம் பாருங்கள். நேர் வெயில் கண்ணாடியில் விழுந்தால் அரை மணியில் உள்ளே அடுப்பு. குளிர்சாதனம் ராத்திரியில் ஓடலாம், 25 வைத்தால் பிரச்சினை இல்லை, காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அப்படிப்பட்ட ராத்திரியில் மட்டும் ஒரு தடவை தண்ணீர் தெளித்தால் போதும்.

சுவர்க்கோழி_75
சனி, இரவு 10.20

இரை பற்றி நான். பறவை வளர்க்கிற மாமாக்கள், அரோவானா மீன் வளர்க்கிறவர்கள் இருக்கிற ஊர் இது, அதனால் கிரிக்கெட் பூச்சிக்குப் பஞ்சமில்லை. செராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் வரிசையாக மீன்கடையும் செல்லப்பிராணிக் கடையும் இருக்கின்றன, பறவைக் கடைகளிலும் கேளுங்கள். வளர்ந்த தவளைக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் போதும், ஒரு நாளைக்கு நாலைந்து பூச்சி. குட்டி என்றால் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். பூச்சியின் அளவு தவளையின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத் தாண்டக்கூடாது.

வாங்கின பூச்சியை அப்படியே போட்டால் அது வெறும் கூடு. ஒரு நாள் கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு தின்னக் கொடுத்து, கால்சியம் தூளில் உருட்டிப் போடுங்கள். கால்சியம் தூள் தவிர்க்க முடியாத செலவு, இல்லாவிட்டால் எலும்பு மெலிந்து தாடை வளைந்துபோகும். மீல்வோர்ம் புழு மட்டும் நீங்களே வளர்க்கலாம், ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்ஸ் கொட்டி, மேலே ஒரு துண்டு கேரட். அது கத்தாது, நாறாது, ஓடாது, அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் கொழுப்பு அதிகம், அதையே பிரதானமாக வைக்காதீர்கள்.

வீட்டில் அடிபட்ட கரப்பான், பல்லி, வெளியே பிடித்த வெட்டுக்கிளி எதுவும் வேண்டாம். நம் புளோக்கில் குப்பைக் குழாய்க்கு மருந்து அடிப்பார்கள், அதைத் தின்ற கரப்பானைத் தவளைக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கடைசியாக, பூச்சியை இடுக்கியில் பிடித்துக் கொடுத்துப் பழக்குங்கள். ஒன்றுகூடத் தப்பாது. தப்பின ஆண் கிரிக்கெட் ஒன்று அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டால் விடிய விடியக் கத்தும், என் பாட்டி இரண்டு நாள் தூங்கவில்லை.

பாசிர்ரிஸ்_தோட்டக்காரர்
ஞாயிறு, காலை 7.55

அக்காவின் விளக்கத்தைப் படித்த பிறகு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன், 200இல் முடியும். செடிக்கு நான் உதவுகிறேன். மணி பிளான்ட் கொடி என்னிடம் நிறைய இருக்கிறது, வேரை அலசி மண்ணை எடுத்துவிட்டுத் தருகிறேன், தவளையின் கனத்தைத் தாங்கும், வெளிச்சம் குறைவாக இருந்தாலும் பிழைக்கும். எம்ஆர்டி ரயிலில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். தரைக்குத் தேங்காய் நார்த் தூள், நர்சரியில் செங்கல் மாதிரி கட்டியாக விற்பார்கள், ஊறவைத்து மூன்று தடவை பிழிந்து உப்புப் போக அலசுங்கள், உரம் கலந்ததை வாங்கிவிடாதீர்கள். கூழாங்கல் வேண்டவே வேண்டாம், இரையோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

ஈசூன்_அக்கா
ஞாயிறு, காலை 8.30

முதல் மாதம் நார்த் தூளும் வேண்டாம் அண்ணே, வெறும் சமையலறைத் தாள். கழிவு எப்படி இருக்கிறது என்று அதில்தான் தெரியும். மாதம் கழிந்து எல்லாம் ஒழுங்காக இருந்தால் நார்த் தூளுக்கு மாறலாம்.

புற ஊதா விளக்கு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பத்து வருடம் அது இல்லாமல் வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். நான் போடுகிறேன், 5 விழுக்காட்டுக் குழல், பகலில் சில மணி நேரம், ஒளிந்துகொள்ள நிழலும் இருக்கும்படி. பணம் இடித்தால் முதல் நாளே வேண்டாம், வைட்டமின் டி3 சேர்த்த கால்சியம் தூளைத் தவறாமல் போட்டுவிட்டு மூன்றாவது மாதம் வாங்குங்கள். ஆனால் வாங்குங்கள்.

தெம்பனிஸ்_தம்பி
ஞாயிறு, இரவு 9.36

எல்லாரும் சொன்னதை நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டேன். பழைய தொட்டி 70க்குள், ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்து காட்டும் கருவி 12, தண்ணீர் மருந்து 8, கால்சியம் தூள் 18, டைசோ கடையில் பெரிய கிண்ணம், இடுக்கி, தெளிப்பான் மூன்றும் 7 வெள்ளிக்குள், கிளைக்குக் காய்ந்த கொய்யா மரக் கொம்பு ஒன்று எங்கள் மாமா வீட்டில் இருக்கிறது, வேக வைத்து எடுத்துக்கொள்ளலாம். 115 ஆகிறது. மீதம் 85இல் தவளை. மருத்துவச் செலவுக்கு ஒன்றும் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஈசூன்_அக்கா
ஞாயிறு, இரவு 10.02

அதைக் கவனித்தீர்களே, சந்தோஷம். தவளை பார்க்கத் தெரிந்த மருத்துவர்கள் இங்கே சிலர்தான், ஒரு தடவை போனால் பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்த்து நூறு வெள்ளியைத் தாண்டிவிடும். மாதம் 25இல் இரைக்கு 12 வெள்ளிதான் ஆகும், மீதியைத் தனியாக ஒரு டப்பாவில் போடுங்கள், தொடவே தொடாதீர்கள்.

தவளைக்கு 85 வெள்ளி செலவழிக்க வேண்டாம். என்னோடு வேலை செய்கிறவர் குடும்பத்தோடு வெளிநாடு போகிறார். ஆறு வயசு பெண் தவளை, பெயர் பட்டாணி, உரிமம் உள்ள கடையில் வாங்கிய ரசீதுகூட வைத்திருக்கிறார். நல்ல கை தேடிக்கொண்டிருக்கிறார். உங்களைப் பற்றிச் சொல்லட்டுமா? ஒன்று மட்டும், அது ரொம்பக் குண்டு. கண்ணுக்கு மேலே சதை மடிந்து தொங்குகிறது, பார்வையை மறைக்கிற அளவுக்கு. பாவம், பாசத்தில் தினமும் ஊட்டியிருக்கிறார். மெல்ல மெல்ல இளைக்க வைக்க வேண்டும்.

தெம்பனிஸ்_தம்பி
ஞாயிறு, இரவு 10.04

சொல்லுங்கள் அக்கா!!! தயவுசெய்து.

தெம்பனிஸ்_தம்பி
மூன்று வாரம் கழித்து, வியாழன், இரவு 10.50

முதலில் தொட்டியை மட்டும் வைத்து இரண்டு வாரம் ஓட்டினேன், காலை, பிற்பகல், இரவு மூன்று வேளையும் எழுதினேன். என் அறை ஜன்னலோரம் மூன்று மணிக்கு 33.4. உள்சுவர் பக்கம் நகர்த்தியதும் 30.8. ஈரப்பதம் தெளிக்காமலேயே 71இலிருந்து 84. அக்கா சொன்னது அப்படியே இருக்கிறது. பழைய தொட்டி 65க்குக் கிடைத்தது. தோட்டக்காரர் அண்ணன் மணி பிளான்ட்டோடு இரண்டு மண்சட்டியும் கொடுத்து அனுப்பினார், மிக்க நன்றி.

பட்டாணி செவ்வாய்க்கிழமை வந்தாள். நான் நினைத்ததைவிடப் பெரியவள். ஸ்கேலில் பார்த்தேன், மூக்கிலிருந்து பின்பக்கம் வரை கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர். ஆனால் வந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பழுப்பாக நிறம் மாறி மேல்மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு மூன்றாம் நாள். பயமாக இருக்கிறது.

ஈசூன்_அக்கா
வியாழன், இரவு 11.08

பயப்படாதீர்கள். இடம் மாறினால் பச்சை பழுப்பாகும், அது அவளுக்கு இயல்பு. அவளிடம் இருக்கிற கொழுப்புக்குச் சில வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் தாங்குவாள். தொட்டியின் மூன்று பக்கமும் செய்தித்தாள் ஒட்டுங்கள், அறை விளக்கை அணைத்துவிடுங்கள், எட்டிப் பார்க்காதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் இறங்கி உட்கார்கிறாளா என்பதை மட்டும் பாருங்கள்.

மீன்தொட்டி_மாமா
வெள்ளி, காலை 6.40

நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது. 1790இல் ஜான் வைட் என்கிற கப்பல் மருத்துவர்தான் இதை முதலில் விவரித்தவர். பதப்படுத்தித் திரவத்தில் போட்ட தவளையின் தோலில் மஞ்சள் நிறமி கரைந்துபோய் நீலமாகத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் நீலம் என்று பொருள்படும் சேருலியா. பச்சைத் தவளைக்கு நீலம் என்று பேர். தங்கைக்குச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்_தம்பி
சனி, இரவு 12.25

செய்தித்தாள் ஒட்டினேன். நேற்று இரவு கிண்ணத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு 11.40க்கு இடுக்கியில் ஒரு கிரிக்கெட் காட்டினேன். முதலில் பார்க்கவே இல்லை. இடுக்கியை லேசாக ஆட்டினதும் தலையைத் திருப்பினாள், அப்புறம் ஒரே எட்டு, இடுக்கியையும் சேர்த்துக் கவ்விவிட்டாள். விழுங்கும்போது இரண்டு கண்ணும் உள்ளே அமுங்கிப்போகிறது, அது சரிதானா? தங்கைதான் விளக்குப் பிடித்தாள். அம்மா கதவோரம் நின்று பார்த்தார், அப்புறம் சாமி அறையில் இருந்த ஊதுவத்தித் தாங்கியை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறை ஜன்னலோரம் வைத்திருக்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை, அவராகவே.

ஈசூன்_அக்கா
சனி, காலை 7.12

சரிதான். கண்ணை உள்ளே அழுத்தித்தான் தவளை இரையைத் தொண்டைக்குள் தள்ளும். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். அடுத்த இரை செவ்வாய்க்கிழமை, அதுவரை எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள். சமையலறைத் தராசில் ஒரு டப்பாவோடு வைத்து எடை பார்த்து எழுதிவையுங்கள், மாதம் ஒருமுறை.

தெம்பனிஸ்_தம்பி
சனி, காலை 9.30

பார்த்துவிட்டேன் அக்கா, 92 கிராம். நோட்டில் முதல் பக்கத்தில் தங்கை எழுதியிருக்கிறாள்.